வார்டை அடைத்தால் சோறு எப்படி வரும்? எல்லையோர உணவு வங்கியும் தன்னார்வலர் வேலையும்

2025 ஜூலையில் பாலக்காடு மாவட்டத்தில் நிபா வைரஸ் நோய் உறுதியானபோது சில வார்டுகள் கட்டுப்பாட்டுப் பகுதிகள் ஆயின. வாளையார் செக்போஸ்ட்டில் தமிழ்நாட்டு சுகாதாரத் துறையின் பரிசோதனையும் இறுகியது. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், குமுளி, வண்டிப்பெரியாறு போன்ற தமிழ் பேசும் எல்லையோர ஊர்களில் மூன்று கேள்விகள் சேர்ந்தே எழும். வெளியே வர முடியாத வீட்டுக்குச் சாப்பாடு யார் கொடுப்பது? நாம் போய் உதவலாமா? போனால் நோயை நம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமா? மூன்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் அடிப்படையிலிருந்து தொடங்கினால்தான் அது புரியும்.

ரேஷன், உணவு வங்கி, சமூக அடுக்களை

பேச்சில் இந்த மூன்றையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். வேலை முறையில் மூன்றும் வேறு வேறு.

1. ரேஷன் என்பது உரிமை. அட்டையில் பேர் இருந்தால் பொருள் உண்டு, இல்லாவிட்டால் கடைக்காரர் மனது வைத்தாலும் கொடுக்க முடியாது. கேரளத்தில் அட்டைகள் நான்கு நிறம். மஞ்சள் மிக ஏழைக் குடும்பங்களுக்கு, இளஞ்சிவப்பு முன்னுரிமைப் பிரிவுக்கு, நீலமும் வெள்ளையும் மற்றவர்களுக்கு.

2. உணவு வங்கி என்பது கிடங்கு. நன்கொடையாக வரும் அரிசி, பருப்பு, எண்ணெயைச் சேர்த்து, பிரித்து, பொட்டலம் கட்டி, தேவைப்படுகிறவர்களிடம் சேர்க்கும் இடம். அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் 1967-ல் தொடங்கியதைத்தான் உலகின் முதல் உணவு வங்கி என்கிறார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு கோயில் மண்டபமோ பள்ளிக்கூட வகுப்பறையோ சர்ச் ஹாலோ சில வாரங்களுக்கு உணவு வங்கி ஆகிவிடும். பெயர்ப் பலகைகூட இருக்காது.

3. சமூக அடுக்களை சமைத்த சாப்பாட்டைத் தருகிறது. 2020 மார்ச் கடைசியில் கேரளம் முழுவதும் உள்ளாட்சிகளும் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்களும் சேர்ந்து நடத்தியது இதைத்தான். அப்புறம் அதில் பல, அப்போது 20 ரூபாய்க்குச் சாப்பாடு போட்ட ஜனகீய ஹோட்டல்களாக மாறின.

இந்தப் பிரிவினை ஏன் தெரிந்திருக்க வேண்டும்? உதவப் போகிறவரின் வேலையும் ஆபத்தும் இடத்துக்கு இடம் மாறுகிறது. கிடங்கில் முதுகு வலிக்கும். அடுக்களையில் சுத்தம்தான் முதல் கவலை. ரேஷன் தொடர்பான உதவியில் முக்கால் பங்கு ஆவணங்களைத் தேடுவதும் தொலைபேசியில் பேசுவதும்தான்.

பெருநோய்க் காலத்தில் எது தட்டுப்பாடு?

அரிசிதான் என்று நினைப்போம். 2020 ஊரடங்கு காட்டியது வேறு. அந்த ஏப்ரலில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் இருந்த தானியம், அந்தத் தேதியில் இருந்தே ஆக வேண்டிய அளவான சுமார் 210 லட்சம் டன்னைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நெல்லும் கோதுமையும் மலையாக இருந்தபோதுதான் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள்.

அப்போது குறைந்துபோனது கைகள். சாதாரண நாளில் உணவு வங்கி வேலைக்கு வருகிறவர்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய. கொரோனா முதலில் வீட்டுக்குள் அனுப்பியது அவர்களைத்தான். அமெரிக்காவில் தன்னார்வலர்கள் குறைந்ததால் பல மாநிலங்களில் தேசியக் காவல் படையினரே பொட்டலம் கட்ட வேண்டி வந்தது. வாங்க நிற்கும் வரிசை நீண்டுகொண்டே போனது, கொடுக்க வேண்டியவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

கேரளம் இதை முன்கூட்டியே கணக்கிட்டது என்பது என் எண்ணம். 2020 மார்ச் 26-ல் அறிவித்த சன்னத்த சேனை என்ற தன்னார்வலர் படையின் கணக்கைப் பாருங்கள். 941 பஞ்சாயத்துகளுக்குத் தலா 200 பேர், 87 நகராட்சிகளுக்குத் தலா 500 பேர், 6 மாநகராட்சிகளுக்குத் தலா 750 பேர். கூட்டினால் 2 லட்சத்து 36 ஆயிரம். வயது 22 முதல் 40 வரை. நோய் தாக்கினாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய வயதில் ஆட்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன எல்லையை ஒதுக்குவதுதான் திட்டம். ஒரு பஞ்சாயத்துக்கு 200 பேர் என்றால் ஒருவருடைய பொறுப்பில் சில பத்து வீடுகள்தான் வரும். அந்த வீடுகளை அவருக்கு முகம் பார்த்தே தெரியும்.

அட்டை அந்தப் பக்கம், அடுப்பு இந்தப் பக்கம்

மாநிலத்தின் நடுவில் இருக்கும் ஊருக்கு மேலே சொன்னது போதும். எல்லையோரத்தின் சிக்கல் வேறு.

கம்பம், போடி பக்கத்திலிருந்து விடிகாலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கி மலை ஏறும் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு தேனி மாவட்டம், கூலி கேரளம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகள் அடைபட்டால் அன்றைக்கே கூலி நின்றுவிடும். தோட்டத்திலேயே தங்கியிருப்பவர்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வார்கள். பாலக்காட்டில் சித்தூர் தாலுகாவிலும் இப்படித்தான். கோயம்புத்தூர், பொள்ளாச்சி பக்கத்திலிருந்து வந்து வாடகை வீட்டிலோ தோப்பிலோ இருக்கும் குடும்பங்களுக்கு அட்டை பெரும்பாலும் சொந்த ஊரில்தான்.

2020 ஏப்ரலில் தமிழ்நாடு அரிசி அட்டைக்காரர்களுக்கு 1000 ரூபாயும் இலவசப் பொருள்களும் கொடுத்தது. கேரளம் எல்லா நிற அட்டைக்கும், சுமார் 87 லட்சம் குடும்பங்களுக்கு, 17 பொருள்கள் கொண்ட இலவசக் கிட் கொடுத்தது. இரண்டுமே நல்ல திட்டங்கள். ஆனால் சித்தூர் தாலுகாவில் ஒரு தோப்பில் தங்கியிருந்த தமிழ்நாட்டு அட்டைக்காரருக்குத் தமிழ்நாட்டின் உதவி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம். கேரளத்தின் கிட் வாங்க அவரிடம் கேரள அட்டை இல்லை. இரண்டு அரசுகளும் தங்கள் பட்டியல் முழுமை என்று நினைத்திருக்கும். இரண்டு பட்டியலிலும் அவர் இல்லை.

‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் கவனிக்க வேண்டியவை இரண்டு.

1. கேரளம் அதில் 2020 ஜனவரியிலேயே சேர்ந்துவிட்டது. தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபரில். முதல் ஊரடங்கின்போது தமிழ்நாட்டு அட்டை கேரளக் கடையில் செல்லவில்லை.

2. இன்றைக்கும் வேறு மாநிலக் கடையில் கிடைப்பது மத்தியச் சட்டப்படி முன்னுரிமை அட்டைக்காரருக்கு உரிய தானியம் மட்டும். மாநில அரசு தன் செலவில் கொடுப்பது எல்லை தாண்டாது. தமிழ்நாட்டில் முன்னுரிமை இல்லாத அட்டைக்கும் இலவச அரிசி உண்டு. அந்த அட்டையோடு கேரளத்துக்கு வந்தால் அங்கே அரிசி கிடையாது.

ஆகவே எல்லையோர உணவு வங்கியின் முதல் வேலை, விடுபட்டவர்களைக் கண்டுபிடிப்பது. பொட்டலம் கட்டுவது அதற்கு அடுத்துதான். இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். “கஷ்டப்படுகிறீர்களா?” என்று கேட்டால் மானமுள்ள யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். பதில் சொல்ல எளிதான கேள்விகளாகக் கேட்க வேண்டும்: அட்டை எந்த ஊரில் இருக்கிறது? வீட்டில் எத்தனை தட்டு வைக்கிறீர்கள்? கேஸா விறகா, இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? பால் குடிக்கும் குழந்தை உண்டா? பிரஷர், சுகர் மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது? மாடு ஆடு உண்டா?

கடைசிக் கேள்வி தேவையில்லாதது போலத் தோன்றலாம். சித்தூர் பக்கம் கறவை மாடு வைத்திருக்கும் வீடுகள் நிறைய. வீட்டை அடைத்தால் பாலைச் சொசைட்டியில் ஊற்ற முடியாது, புல் அறுக்கவும் போக முடியாது. மாடு பசியில் கத்தும்போது மனிதர்கள் கட்டுப்பாட்டை மீறி வெளியே வருவார்கள். ஒரு கட்டு வைக்கோல் கொண்டுபோய்க் கொடுப்பதும் நோய்த் தடுப்பு வேலைதான்.

மொழிச் சிக்கல் ஒன்று

எல்லையோரத் தமிழர்கள் மலையாளம் நன்றாகவே பேசுவார்கள், பலருக்கு வாசிக்கத்தான் தெரியாது. அதைவிடச் சிக்கலானவை இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள். மலையாளத்தில் சர்க்கர என்றால் வெல்லம், நாம் சர்க்கரை என்பது அங்கே பஞ்சசார. அங்கே கடல என்றால் கொண்டைக்கடலை, நமக்குக் கடலை என்றதும் நினைவுக்கு வருவது வேர்க்கடலை. அங்கே வெள்ளம் குடிக்கிற தண்ணீர்.

பொட்டலத்தில் இந்தக் குழப்பம் வந்தால் பெரிய நஷ்டம் இல்லை. மருத்துவக் குறிப்பில் வந்தால் ஆபத்து. வயிற்றுப்போக்குக்கு வீட்டில் கலக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவு மாறக்கூடாது, உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. பையின் மேல் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி ஒட்டுவதற்கு இரண்டு மொழியும் எழுதத் தெரிந்த ஒருவர் கிடைத்தால், மூட்டை தூக்குவதைவிட அவருடைய உதவி பெரிது.

உணவு வழியே நோய் வருமா?

இதில்தான் பயமும் வதந்தியும் அதிகம். நோய்க்கு நோய் பதில் மாறும்.

கொரோனா சாப்பாட்டு வழியே பரவியதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே தெளிவாகச் சொன்னது. ஆபத்து பொட்டலத்தில் இல்லை, பொட்டலம் கட்ட ஒரே அறையில் நெருங்கி நின்று பேசும் பத்துப் பேரில் இருந்தது.

நிபா பரவும் வழி வேறு. பழந்தின்னி வௌவாலிடமிருந்து மனிதனுக்கு வரும், பிறகு நோயாளியின் எச்சில், சிறுநீர் போன்ற உடல் திரவங்களோடு நெருங்கிப் பழகுகிறவர்களுக்குத் தொற்றும். வங்கதேசத்தில் பச்சையாகக் குடித்த பேரீச்சம் பதநீர் வழியே பலருக்கு வந்திருக்கிறது. இதனால் உணவு வங்கிக்கு ஒரு நேரடி விதி உண்டு: மரத்தடியில் பொறுக்கிய பழம், கடித்த தடம் உள்ள கொய்யா, மாம்பழம், திறந்த பானையில் இறக்கிய பதநீர் எதையும் நன்கொடையாக வாங்கக் கூடாது. நல்ல மனதோடு கொண்டுவந்து கொடுத்தாலும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். கடித்த தடம் இல்லாத வாழைப்பழச் சீப்பு, தேங்காய், கிழங்கு வகை வந்தால் வாங்கலாம்.

மூன்றாவது, யாரும் பேசாத ஆபத்து: வயிறு கெடுவது. என் கருத்தில் அடுக்களைக்கு நிஜமான எதிரி இதுதான். ஐந்நூறு பேருக்கு வடித்த சோற்றை மூடி, வெயிலில் நிற்கும் ஆட்டோவில் மூன்று நான்கு மணி நேரம் சுற்றினால் என்ன ஆகும்? அரிசியில் இயல்பாகவே இருக்கும் பாசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகும்போது அவை முளைத்துப் பெருகும், நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஏற்கெனவே ஆஸ்பத்திரிகள் நிரம்பியிருக்கும் நேரத்தில் ஒரு வார்டு முழுக்க வாந்தி எடுத்தால் தாங்குமா?

தன்னார்வலர் கடைப்பிடிக்க வேண்டியவை, காரணத்தோடு:

1. காய்ச்சல், இருமல், வாந்தி, பேதி இருந்தால் வரக்கூடாது. வாந்தி பேதி நின்ற பிறகும் 48 மணி நேரம் அடுக்களைப் பக்கம் வரக்கூடாது. உடம்பு தேறிய மாதிரி இருந்தாலும் கிருமி வெளியேறிக்கொண்டிருக்கும். “ஒரு நாள்தானே, பாவம் ஆள் இல்லை” என்று வருகிறவரால்தான் அடுக்களையே மூடிப்போகும்.

2. ஆட்களைக் குழுவாகப் பிரித்து, ஒரே குழு ஒரே நேரத்தில் மட்டும் வர வேண்டும். காலைக் குழுவும் மாலைக் குழுவும் சந்திக்கவே கூடாது. ஒருவருக்கு நோய் வந்தால் அவர் குழுவை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் போதும், வேலை நிற்காது.

3. சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுவது. கையுறை அதற்கு மாற்று இல்லை. கையுறையோடு போனை எடுத்து, மூக்கைச் சொறிந்து, அப்படியே பருப்பை அள்ளினால் வெறுங்கையைவிட மோசம், ஏனென்றால் கை சுத்தமாக இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

4. சமைத்த உணவை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், முடியாவிட்டால் 5 டிகிரிக்குக் கீழ். இரண்டும் முடியாத இடத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கும்படி கொடுக்க வேண்டும். பொட்டலத்தின் மேல் சமைத்த நேரத்தை எழுதுங்கள். வண்டி போகும் வழி நீளமாக இருந்தால் சமைத்த சோற்றுக்குப் பதில் அரிசியாகக் கொடுப்பதே மேல்.

5. தனிமையில் இருக்கும் வீட்டில் பையைத் திண்ணையிலோ கேட்டிலோ வைத்து, விலகி நின்று போன் செய்யுங்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு கிளம்புங்கள். காலிப் பாத்திரத்தைத் திரும்ப வாங்காதீர்கள்.

21 நாள் கணக்கு

நிபா நோயாளியோடு தொடர்பில் இருந்தவரை 21 நாள் கண்காணிப்பில் வைக்கிறார்கள். கூலி வேலைக்காரருக்கு அது 21 நாள் வருமானம் போன கணக்கு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு என்ன வேண்டும்?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி என்று வைத்தால், 4 பேருக்கு 21 நாளைக்கு 25 கிலோவுக்குச் சற்று மேல். முன்னுரிமை அட்டைக்கு ரேஷனில் கிடைப்பது மாதத்துக்கு ஆளுக்கு 5 கிலோ, நாளைக்கு 167 கிராம். 21 நாளுக்கு நாலு பேருக்கும் சேர்த்து 14 கிலோ. பற்றாக்குறை 11 கிலோ. 2020-ல் இந்தப் பள்ளம் தெரியவில்லை. வழக்கமான 5 கிலோவுக்கு மேல் இன்னொரு 5 கிலோவை மத்திய அரசு இலவசமாகக் கொடுத்தது. 2023 ஜனவரியிலிருந்து அந்தக் கூடுதல் பங்கு நின்று, வழக்கமான 5 கிலோ இலவசம் ஆனது. அடுத்த முறை ஒரு வார்டை அடைக்கும்போது அட்டை உள்ள வீட்டிலும் அரிசி பாதியில் தீரும்.

பருப்பின் நிலை இன்னும் மோசம். 2020-ல் ஒரு குடும்பத்துக்கு மாதம் 1 கிலோ பருப்பு என்று கொடுத்தார்கள். நாலு பேர் வீட்டில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம். சாம்பாரில் தேடிப் பார்த்தால்தான் பருப்பு தெரியும். ஆகவே உணவு வங்கிக்கு வரும் பணத்தை முதலில் பருப்பு, பயறு, எண்ணெய்க்குச் செலவிடலாம். அட்டை உள்ள வீட்டுக்கு அரிசி குறையும் அளவுக்கு மட்டும், அட்டை இல்லாத வீட்டுக்கு முழு 25 கிலோ. எல்லாருக்கும் ஒரே பை என்பது பார்வைக்கு நியாயமாக இருக்கும், பசியின் கணக்கில் நியாயமாக இருக்காது.

எந்த அரிசி என்பதும் முக்கியம். சிவந்த மட்டை அரிசி பாலக்காட்டின் பெருமை, ஆனால் வேக நேரம் ஆகும். அரை சிலிண்டர் கேஸை வைத்துக்கொண்டு 21 நாள் ஓட்ட வேண்டிய வீட்டுக்கு, அதுவும் வெள்ளை அரிசியே சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு, அது உதவாது. 2020 மார்ச் 29-ல் கோட்டயம் மாவட்டத்துப் பாயிப்பாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். முக்கியமாக ஊருக்குப் போக வண்டி கேட்டார்கள். உணவு ஒத்துவரவில்லை என்பதும் அவர்கள் சொன்ன குறை. அதன் பிறகு சமைத்த சோற்றுக்குப் பதில் அவர்களே சமைத்துக்கொள்ள ஆட்டா, பருப்பு, கிழங்கு எனப் பொருளாகக் கொடுக்கும் வழக்கம் வலுத்தது. பசித்தவனுக்கு ருசி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று வாரம் அடைபட்டுக் கிடக்கும் ஒருவருக்கு நாளில் வரும் ஒரே நல்ல நிமிடம் சாப்பாட்டு நேரம்தான்.

நோட்டு யாருடையது?

வீடு வீடாக எழுதிய அந்த நோட்டில் யார் தனிமையில் இருக்கிறார், யாருக்கு என்ன மாத்திரை, யாரிடம் அட்டை இல்லை என்பதெல்லாம் இருக்கும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்தக் குடும்பத்தோடு ஊரே பேசாமல் போகலாம், கடைக்காரர் பொருள் தர மறுக்கலாம். பை கொடுக்கும்போது படம் எடுக்கக் கூடாது. பேனர் கட்டிய வண்டி தனிமை வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டை அடையாளம் காட்டியதாகிவிடும். பேர் போடாத பை, சாதாரண வண்டி போதும்.

சேர விரும்புகிறவர் முதலில் வார்டு மெம்பரிடமோ ஆஷா பணியாளரிடமோ போவது நல்லது. எந்த வீடு கண்காணிப்பில் இருக்கிறது, எந்தத் தெரு வழியே போகலாம் என்று அவர்களுக்குத்தான் தெரியும், பாஸ் கிடைப்பதும் அவர்கள் வழியாகத்தான். தனியாகச் சமைத்து விநியோகிக்கக் கிளம்பினால் ஒரே வீட்டுக்கு மூன்று பை போகும், பக்கத்துச் சந்துக்கு ஒன்றும் போகாது. கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதைக் கொடுக்க நினைக்கிறவர்களுக்கு, மிகுதி உணவு விநியோகத்துக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2019 விதிமுறைகள் இருக்கின்றன. பதிவு பெற்ற அமைப்பின் வழியே கொடுப்பதுதான் பாதுகாப்பு.

கட்டுப்பாடு நீங்குகிற நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றைக்கே பல உணவு வங்கிகள் ஹாலைக் கழுவிச் சாவியைக் கொடுத்துவிடுகின்றன. ஏலத்தோட்டத்திலும் சூளையிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பல இடங்களில் கூலி வாரக் கடைசியில்தான். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் கையில் காசு இருக்காது, மளிகைக் கடையில் பழைய பாக்கியும் நிற்கும். பட்டியலில் உள்ள வீடுகளுக்கு இன்னும் இரண்டு வாரத்துப் பருப்பையும் எண்ணெயையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு வீட்டிலும் முதல் கூலி வந்ததை விசாரித்த பிறகு அந்த வரியை நோட்டில் அடிக்கலாம்.